வடசென்னை அனல்மின் நிலையம்: சாம்பல் கணக்கு இடிக்கும் இடங்கள்

அனல்மின் நிலையத்தின் சுற்றுச்சூழல் அறிக்கை கைக்குக் கிடைத்தால், எத்தனை மரக்கன்று நட்டார்கள் என்ற பக்கத்தைத் தாண்டிவிடுங்கள். எவ்வளவு நிலக்கரி எரிந்தது, எவ்வளவு சாம்பல் வந்தது என்ற இரண்டு எண்களைத் தேடுங்கள். நிலக்கரியோடு கொதிகலனுக்குள் போன சாம்பல் எங்கும் மறைந்துவிடாது. சிமென்ட் ஆலைக்கோ செங்கல் சூளைக்கோ போயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் சாம்பல் குட்டையில் கிடக்க வேண்டும், கொஞ்சம் புகைபோக்கி வழியாகப் பறந்திருக்க வேண்டும். இந்த மூன்றிலும் இல்லையென்றால் ஆற்றில் இருக்கிறது. செப்பாக்கம் குட்டைக்குப் போகும் குழாய்கள் கசிந்து கொசஸ்தலையாற்றிலும் எண்ணூர் கழிமுகத்திலும் சாம்பல் படிந்த வழக்கு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. எனவே அந்த நான்காவது இடத்தையும் கணக்கில் வைத்துத்தான் அறிக்கையைப் படிக்க வேண்டும்.

எண்ணூரிலிருந்து மீஞ்சூர் போகும் வழியில் இருக்கும் நிலையங்களை முதலில் பிரித்துப் புரிந்துகொள்வோம். அத்திப்பட்டில் இருக்கும் வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் நிலையில் 210 மெகாவாட் இயந்திரங்கள் மூன்று, 1990களின் நடுவில் ஓடத் தொடங்கியவை. இரண்டாம் நிலையில் 600 மெகாவாட் இயந்திரங்கள் இரண்டு. மூன்றாம் நிலையில் 800 மெகாவாட் இயந்திரம் ஒன்று, 2024 மார்ச்சில் தொடங்கி வைக்கப்பட்டது. பக்கத்திலேயே இருக்கும் வல்லூர் நிலையம், 500 மெகாவாட் வீதம் மூன்று இயந்திரங்கள், மத்திய அரசின் என்டிபிசியும் தமிழ்நாடு மின்வாரியமும் பாதிக்குப் பாதி பங்கு போட்ட கூட்டு நிறுவனத்துடையது. 1970ல் தொடங்கிய பழைய எண்ணூர் அனல்மின் நிலையம், 450 மெகாவாட், 2017ல் மூடப்பட்டது. செய்திகளில் இவை எல்லாமே 'எண்ணூர் பவர் பிளான்ட்' என்று ஒரே பெயரில் வரும். எந்த எண் எந்த நிலையத்துடையது என்று தெரியாமல் கூட்டிக் கழித்தால் கணக்கு முதல் வரியிலேயே கெட்டுப்போகும்.

இப்போது கணக்கு. 210 மெகாவாட் இயந்திரம் ஒன்று ஒரு நாள் முழுக்க முழுச் சுமையில் ஓடினால் 50.4 லட்சம் யூனிட். ஒரு யூனிட் உற்பத்திக்கு 2,500 கிலோ கலோரி வெப்பம் என்று வைத்துக்கொள்வோம். நிலையத்தில் இதைத்தான் ஹீட் ரேட் என்பார்கள். எரியும் நிலக்கரியின் கலோரி மதிப்பு, அதாவது எரிந்தால் தரும் வெப்பம், கிலோவுக்கு 3,500 கிலோ கலோரி என்றால் ஒரு யூனிட்டுக்கு 714 கிராம் கரி, நாளுக்கு 3,600 டன். ஒடிசா கரியில் சாம்பல் 38 சதவீதம் என்பது சர்வசாதாரணம். அப்படியானால் நாளுக்கு 1,368 டன் சாம்பல். அதில் ஐந்தில் நான்கு பங்கு, ஏறத்தாழ 1,094 டன், புகையோடு போய் ஈஎஸ்பி எனப்படும் மின்நிலைத் தூசிப் பிடிப்பானில் சிக்கும் ஃப்ளை ஆஷ். மீதி 274 டன் கொதிகலனின் அடியில் விழும் பாட்டம் ஆஷ்.

இதே மூன்று இயந்திரங்களும் ஆண்டு முழுக்க சராசரியாக 70 சதவீதச் சுமையில் ஓடினால் 27.6 லட்சம் டன் கரி, 10.5 லட்சம் டன் சாம்பல். இவை ஓர் உதாரணத்துக்கான எண்கள், எந்த ஆண்டின் பதிவும் அல்ல. ஆனால் அறிக்கையில் வரும் எண்ணை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். சாம்பல் விகிதத்தை 38க்குப் பதில் 35 என்று போட்டாலே ஆண்டுக்கு 83 ஆயிரம் டன் சாம்பல் காகிதத்திலிருந்து காணாமல் போகும். 25 டன் ஏற்றும் பல்கர் (பொடி ஏற்றும் மூடிய தொட்டி) லாரியில் 3,300 லோடுக்கு மேல். 2021 டிசம்பர் 31 சாம்பல் அறிவிக்கையின்படி, பயன்படுத்தாமல் தேங்கும் சாம்பலுக்கு டன்னுக்கு 1,000 ரூபாய் சுற்றுச்சூழல் இழப்பீடு. 83 ஆயிரம் டன் என்றால் 8 கோடி ரூபாய்க்கு மேல். அதனால்தான் சாம்பல் விகிதம் எங்கே, எப்படி அளக்கப்பட்டது என்ற கேள்வியை நான் முதலில் வைக்கிறேன்.

பெரும்பாலும் தவறு நடப்பது ஆய்வகத்தில்தான். தவறு என்பதைவிட இரண்டு நிலைகளைக் கலந்துவிடுவது என்று சொல்ல வேண்டும். தால்சரிலிருந்து ரயிலில் பாரதீப், அங்கிருந்து கப்பலில் காமராஜர் துறைமுகம், பிறகு கன்வேயர் பெல்ட் என்று வரும் கரி ஈரமாக வருகிறது. ஆய்வகத்தில் மாதிரியைக் காற்றில் உலர்த்தி, பொடித்து, வெப்பம் அளக்கும் பாம் கலோரிமீட்டரில் எரிப்பார்கள். அப்போது கிடைக்கும் 4,200 கிலோ கலோரி உலர்ந்த கரியின் மதிப்பு. மொத்த ஈரம் 16 சதவீதம், உலர்த்திய பிறகு மாதிரியில் நிற்கும் ஈரம் 6 சதவீதம் என்றால், 4,200ஐ 84ஆல் பெருக்கி 94ஆல் வகுக்க வேண்டும். வருவது 3,753. பெல்ட் தராசு எடை போட்டது ஈரக் கரியை. ஈர எடையோடு உலர் கலோரியைப் பெருக்கினால், உள்ளே போன வெப்பம் சுமார் 12 சதவீதம் அதிகமாகத் தெரியும், நிலையம் மோசமாக ஓடுவது போலத் தோன்றும். சாம்பல் விகிதத்துக்கும் இதே விதிதான். உலர் நிலையில் 40 சதவீதம் என்பது ஈர நிலையில் 35.7. அறிக்கையில் இரண்டில் எந்த நிலை என்று எழுதவில்லை என்றால் அந்த எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொரு இடைவெளியும் உண்டு. சுரங்கத்தில் ஏற்றும்போது ஒரு கலோரி மதிப்பு, நிலையத்தில் இறக்கும்போது ஒன்று, பங்கர் என்ற கரித் தொட்டியிலிருந்து கரியைப் பொடிக்கும் மில்லுக்குப் போகும்போது ஒன்று. குவியலில் கிடக்கும் கரி தானாகச் சூடேறி மெல்ல எரிந்துகொண்டே இருக்கும், மேலே தண்ணீர் தெளிப்பார்கள், அதனால் கடைசி எண் குறையும். இறக்கிய நிலைக்கும் எரிக்கும் நிலைக்கும் இடையே கிலோவுக்கு 85 கிலோ கலோரி வரை குறைவதை மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2019 விதிகள் ஏற்றுக்கொண்டன. அதற்கு மேல் குறைந்தால் கரியின் மீது பழிபோடுவதற்கு முன் மாதிரி எடுத்த விதத்தைப் பார்க்க வேண்டும். குவியலின் ஓரத்தில் மண்வெட்டியால் அள்ளிய மாதிரிக்கும், ஓடும் பெல்ட்டின் முழு அகலத்தையும் வெட்டி எடுத்த மாதிரிக்கும் நிறைய வித்தியாசம் வரும். பெரிய கட்டிகள் உருண்டு ஓரத்துக்கு வந்துவிடும், பொடி நடுவில் நிற்கும்.

சாம்பல் பக்கம் வருவோம். காகிதத்தில் 'ஃப்ளை ஆஷ் முழுவதும் உலர் முறையில் சேகரிப்பு' என்று இருக்கும். உலர் முறை ஓடும்வரை அது உண்மை. ஈஎஸ்பியின் அடியில் சாம்பல் சேரும் புனலான ஹாப்பரிலிருந்து காற்றழுத்தத்தில் சைலோ என்ற உயரக் கொள்கலனுக்கு, சைலோவிலிருந்து பல்கர் லாரிக்கு. வடகிழக்குப் பருவமழையில் கட்டுமானம் படுத்துவிடும், சிமென்ட் ஆலை கேட்பது குறையும், லாரி வராது. சைலோ நிரம்பிவிட்டால் ஹாப்பரில் சாம்பல் ஏறும். ஹாப்பர் வழிந்து மின்தகடுகளைத் தொட்டால் அந்த ஃபீல்டு (தகடுகளின் ஒரு தொகுதி) ஷார்ட் ஆகி டிரிப் ஆகும், புகைபோக்கியில் புகை கறுக்கும். அதற்கு முன் ஆப்பரேட்டர் செய்யக்கூடியது ஒன்றுதான்: சாம்பலைத் தண்ணீரோடு கலந்து ஸ்லரியாக்கிக் குட்டைக்குத் தள்ளுவது. இப்படி ஈர முறைக்கு மாறிய மணி நேரங்கள் லாக் ஷீட்டில் இருக்கும். ஆண்டறிக்கையில் வருவதில்லை. வர வேண்டும்.

ஒரு பங்கு சாம்பலுக்கு எட்டு முதல் பத்து பங்கு தண்ணீர் கலந்துதான் ஸ்லரி ஓடும். கடற்கரை நிலையத்தில் அந்தத் தண்ணீர் பெரும்பாலும் உப்புத் தண்ணீர். மாற்றி எடுத்துப் போட்ட பழைய ஸ்லரி குழாய்த் துண்டு ஒன்றின் வெட்டுமுகத்தைப் பார்த்தால் விஷயம் புரியும். மேல் பாதியில் இரும்பு ஏறக்குறைய புதிதாக, முழுத் தடிமனோடு இருக்கும். அடியில், கடிகார முள் ஆறைக் காட்டும் இடத்தில், விரல் அகலத்துக்கு ஒரு பள்ளம் நீளவாக்கில் ஓடும், அங்கே தகடு காகிதம் போல மெலிந்திருக்கும். சாம்பலில் சிலிக்கா அதிகம், கனமான துகள்கள் அடியில் உரசிக்கொண்டே போகின்றன. உரசி வெளிப்பட்ட புது இரும்பை உப்பு அரிக்கிறது. அரித்த துருவை அடுத்த துகள் சுரண்டி எடுக்கிறது. ஓட்டை விழுவது எப்போதும் அடிப்பக்கம் என்பதால், தாங்கு கட்டைகள் மேல் போகும் குழாயின் கசிவு மேலிருந்து பார்ப்பவர் கண்ணில் படாது, நேரே மண்ணிலோ தண்ணீரிலோ இறங்கும்.

இதற்கு வைத்தியம் புதிதல்ல. குழாயைக் குறிப்பிட்ட ஓட்ட மணிகளுக்கு ஒருமுறை 90 அல்லது 120 டிகிரி திருப்பி வைக்க வேண்டும். தேயும் பக்கம் மாறும், ஒரே குழாய் மூன்று நான்கு ஆயுள் ஓடும். வளைவுகளில் பசால்ட் கல் உள்பூச்சு போட்ட குழாய் வேண்டும், ஏனென்றால் முதலில் தேய்வது வளைவும், வெல்டிங் மூட்டுக்கு அடுத்த ஒரு முழமும்தான். அல்ட்ராசானிக் கருவியால் அடிப்பக்கத் தடிமனை அளந்து எழுதிவைக்க வேண்டும். ஓட்டம் வேகமாக இருந்தால் தேய்மானம் கூடும், மெதுவாக இருந்தால் சாம்பல் படிந்து அடைக்கும். அதனால் பம்பை நிறுத்துமுன் வெறும் தண்ணீர் விட்டு அலச வேண்டும். அலசாமல் நிறுத்திய குழாயில் சாம்பல் சிமென்ட் போல இறுகும், மறுபடி தள்ளும்போது அழுத்தம் ஏறி மூட்டு பிளக்கும். கசிவைக் கண்டுபிடிக்க ஆற்றங்கரைக்குப் போய்ப் பார்க்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. பம்ப் ஹவுஸில் ஓட்டமானி, குட்டை வாயில் இன்னொரு ஓட்டமானி. இரண்டுக்கும் வித்தியாசம் கூடினால் நடுவில் எங்கோ ஒழுகுகிறது. டெலிவரி அழுத்தம் சட்டென்று இறங்குவதும் அதே செய்திதான். கழிமுகத்தில் எறாலும் நண்டும் பிடித்துப் பிழைக்கும் காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் மக்களுக்கு, அந்த இரண்டு மீட்டர்களின் வித்தியாசம் எந்த ஆண்டறிக்கையையும்விட முக்கியமான எண்.

குட்டையில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்பதை அளக்க வழி இருக்கிறது. பருவமழை முடிந்து தண்ணீர் வடிந்ததும் ட்ரோன் அல்லது டோட்டல் ஸ்டேஷன் (நில அளவைக் கருவி) சர்வே செய்து கன அளவு எடுப்பது. அடுத்த ஆண்டும் அதே மாதம் எடுத்தால் கூடிய கன அளவு தெரியும். படிந்த சாம்பலின் அடர்த்தி கன மீட்டருக்கு ஒரு டன்னுக்குப் பக்கத்தில் இருக்கும்; துளையிட்டு மாதிரி எடுத்து அதையும் உறுதி செய்யலாம். அந்த ஆண்டில் சாலை வேலைக்கும் பள்ளம் நிரப்பவும் அள்ளிப் போன சாம்பலை, வாசல் எடைமேடைச் சீட்டுகளைக் கூட்டிச் சேர்க்க வேண்டும். இப்படி அளந்த எண்ணும், கரி எடையை சாம்பல் விகிதத்தால் பெருக்கி வந்த எண்ணும் ஐந்து சதவீதத்துக்குள் ஒத்துப்போனால் நான் அந்த அறிக்கையை நம்புவேன். பல அறிக்கைகளில் சாம்பல் உற்பத்தி என்று போடுவதே பெருக்கி வந்த எண்தான், குட்டையில் சேர்ந்தது என்று போடுவது அதிலிருந்து விற்றதைக் கழித்த எண்தான். அப்படிப் போட்டால் கணக்கு என்றைக்குமே இடிக்காது, ஆற்றுக்குப் போனதும் என்றைக்குமே தெரியாது.

புகைபோக்கி எண்கள் பற்றிச் சுருக்கமாக. தூசி அளவை ஆக்சிஜன் 6 சதவீதத்துக்குத் திருத்தித்தான் சொல்ல வேண்டும். 9 சதவீத ஆக்சிஜனில் கன மீட்டருக்கு 45 மில்லிகிராம் அளந்தால், காற்றின் 21 சதவீத ஆக்சிஜனிலிருந்து 6ஐக் கழித்து வரும் 15ஆல் பெருக்கி, 9ஐக் கழித்து வரும் 12ஆல் வகுக்க வேண்டும், 56 வரும். 2004 முதல் 2016 வரை நிறுவிய இயந்திரங்களுக்கு வரம்பு 50. திருத்தாமல் எழுதினால் தேர்ச்சி, திருத்தினால் மீறல். காற்று வழிக் குழாய்களில் ஓட்டை இருந்து வெளிக்காற்று புகுந்தாலே ஆக்சிஜன் ஏறிவிடும். இணையத்தில் நேரடியாகக் காட்டும் அளவு மணிக்கணக்கில் ஒரே எண்ணில் நின்றால் காற்று சுத்தமாகிவிட்டது என்று அர்த்தமில்லை, அளக்கும் ப்ரோப் அடைத்திருக்கிறது. கந்தகத்துக்கு எளிய சோதனை உண்டு: கரியில் 0.5 சதவீதம் கந்தகம் என்றால் 3,600 டன்னில் 18 டன், அது எரிந்தால் அதைப்போல் இரு மடங்கு, நாளுக்கு ஏறத்தாழ 36 டன் கந்தக டை ஆக்சைடு.

கடல் நீரில் குளிர்விக்கும் முதல் நிலைக்கு இன்னொரு கணக்கும் போடலாம். 2,500 கிலோ கலோரியில் 860 மட்டுமே மின்சாரமாகிறது. கொதிகலன் இழப்பு 15 சதவீதம் போக, யூனிட்டுக்கு சுமார் 1,265 கிலோ கலோரி குளிர்விக்கும் நீரில் இறங்குகிறது. மணிக்கு 30 ஆயிரம் கன மீட்டர் நீர் ஓடினால், முழுச் சுமையில் வெப்பம் ஏறுவது சுமார் 9 டிகிரி. அறிக்கை 5 டிகிரி என்று சொன்னால், ஒன்று சுமை பாதி, அல்லது நீர் ஏறத்தாழ இரட்டிப்பு, அல்லது தெர்மாமீட்டரை வாய்க்காலின் கடைசியில், நீர் ஆறிக் கலந்த பிறகு வைத்திருக்கிறார்கள்.

கரியமில வாயுவில் கவனிக்க வேண்டியது வகுக்கும் எண். 3,600 டன் கரியில் 36 சதவீதம் கார்பன் இருந்தால், 44க்கு 12 என்ற (கரியமில வாயு, கார்பன் எடை) விகிதத்தில் 4,752 டன் கரியமில வாயு. இதை மொத்த உற்பத்தியான 5,040 மெகாவாட் மணியால் வகுத்தால் 0.94. மில், பம்ப், விசிறி என நிலையமே எடுத்துக்கொள்ளும் 9 சதவீதத்தைக் கழித்து, வெளியே அனுப்பிய 4,586ஆல் வகுத்தால் 1.04. எரிந்த கரி ஒன்றுதான், பத்து சதவீத வித்தியாசம். பகலில் சூரிய மின்சாரம் நிறையும்போதும், ஆடிக் காற்றில் காற்றாலைகள் சுழலும்போதும் இந்த இயந்திரங்களை 55 சதவீதச் சுமை வரை இறக்குகிறார்கள். அப்போது மொத்த வெளியேற்றம் குறையும், ஒரு யூனிட்டுக்கான வெளியேற்றம் கூடும், எண்ணெய்ச் செலவும் ஏறும். ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு என்பதை மட்டும் பார்த்து நிலையத்தைத் திட்டுவது நியாயமில்லை, சுமை விகிதத்தையும் பக்கத்தில் வைக்க வேண்டும்.

எந்த நிலையத்தின் வெளியேற்றம் யாருடைய கணக்கில் வரும் என்ற எல்லை எது என்பதும் பெரிய விஷயம். எண்ணூர் நிலையம் மூடியதும் வாரியத்தின் சொந்த வெளியேற்றம் குறைந்தது, ஆனால் அந்த மின்சாரத்தை வேறு இடத்தில் வாங்கினால் வெளியேற்றம் கொள்முதல் பக்கத்துக்கு நகர்ந்தது, அவ்வளவுதான். வல்லூரைக் கொள்முதல் என்று வைப்பதா, பாதிப் பங்கு என்று வைப்பதா என்று ஒருமுறை முடிவு செய்துவிட்டு ஒவ்வோர் ஆண்டும் அதையே பின்பற்ற வேண்டும். 2024ல் தமிழ்நாட்டின் மின் உற்பத்தி, பகிர்மான நிறுவனமான டான்ஜெட்கோவை உற்பத்தி, பகிர்மானம், பசுமை எரிசக்தி என மூன்றாகப் பிரித்த பிறகு, பழைய ஆண்டோடு ஒப்பிடும் எந்த வரைபடத்தையும் பிரித்துப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். வாங்கிய மின்சாரத்தில் கம்பியில் போகும் இழப்பு பகிர்மான நிறுவனத்தின் தலையில் விழும். அந்த இழப்பையும் துல்லியமாகச் சொல்வது கடினம்: வீடுகளுக்கு இரு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங், தெருவுக்குத் தெரு வேறு தேதி, தெருக்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் ஃபீடர் பாதையின் மீட்டரோ மாதக் கணக்கு. பன்னிரண்டு மாதம் சேர்த்துப் பார்த்தால்தான் தண்டையார்பேட்டையோ வியாசர்பாடியோ ஒரு ஃபீடரின் இழப்பு நம்பும்படி வரும்.

மின்தடை நேரக் குறியீடும் அப்படித்தான். அது 11 கிலோவோல்ட் ஃபீடர் டிரிப்பை வைத்துப் போட்டதா என்று கேளுங்கள். அப்படியென்றால், மழை நீர் புகுந்த தெருவோர மின்பெட்டியான பில்லர் பாக்ஸில் ஃபியூஸ் போய், ஒரு தெரு மட்டும் இரவு முழுக்க இருட்டில் கிடந்தது அதில் வராது.

பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் வணிகப் பொறுப்பு அறிக்கை பட்டியலிடப்பட்ட பெரிய நிறுவனங்களுக்குத்தான் கட்டாயம். என்டிபிசி அதில் வரும், மாநில மின் நிறுவனங்கள் வராது. ஆனால் துண்டுகள் எல்லாம் தனித்தனியே இருக்கின்றன. செப்டம்பர் 30க்குள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தர வேண்டிய படிவம் 5 (ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிக்கை), ஜூன் 1லும் டிசம்பர் 1லும் தர வேண்டிய சுற்றுச்சூழல் அனுமதி நிபந்தனை அறிக்கை, மத்திய மின்சார ஆணையம் வெளியிடும் தினசரி உற்பத்தி, ஒழுங்குமுறை ஆணையத்தில் தாக்கலாகும் கட்டண மனுவில் ஹீட் ரேட், எண்ணெய்ச் செலவு, சொந்த உபயோகம். ஒரே நிதியாண்டுக்கான இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வையுங்கள். கட்டண மனுவில் எரிந்த கரியும் படிவம் 5ல் எரிந்த கரியும் முதலில் ஒத்துப்போகின்றனவா பாருங்கள்.

கிடைக்காததைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு கேட்கலாம். கருத்துக் கேட்டால் பதில் வராது, பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். கேள்விகளை இப்படி எழுதலாம்: "இந்த நிதியாண்டில் நிலைவாரியாக, மாதவாரியாக எரித்த நிலக்கரியின் எடை, எரித்த நிலையில் அதன் சாம்பல் விகிதம், ஈரம், கலோரி மதிப்பு. எடைமேடைச் சீட்டின்படி வெளியே சென்ற உலர் சாம்பல், குட்டைச் சாம்பல். ஃப்ளை ஆஷ் ஈர முறையில் வெளியேற்றப்பட்ட மணி நேரம், மாதவாரியாக. ஸ்லரி குழாய்களைத் திருப்பிய, மாற்றிய தேதிகளும் கடைசியாக அளந்த தடிமனும். சாம்பல் குட்டையின் கடைசி இரண்டு கன அளவு சர்வே அறிக்கைகளின் நகல்."